நீலத் தலைக் குண்டூசி

டெலவேர், மார்ச் 1969

வெண்டல் அண்ணா, இந்தத் தாளின் பின்பக்கத்தை யாரிடமும் காட்டாதே, உன் அறைத் தோழனிடம்கூட. படித்ததும் கிழித்துப் போடு. முன்பக்கம் வழக்கம்போல அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது, தைத்துத் தைத்து விரல் முட்டி வீங்கி அவளால் பேனா பிடிக்க முடியவில்லை. எல்லோரும் நலம், ஹூஸ்டன் வெயிலில் தொப்பி இல்லாமல் அலையாதே, கர்த்தர் உன்னைக் காப்பார் என்றெல்லாம் சொன்னாள். எழுதவே கை கூசியது. இங்கே ஒன்றும் நலமில்லை.

ஆலையில் நிலவுக்குப் போகிறவர்களின் உடை தைக்கும் ஒவ்வொருத்திக்கும் காலையில் இருபது குண்டூசி எண்ணிக் கொடுப்பார்கள் அல்லவா, ஒவ்வொருத்திக்கும் ஒரு நிறத் தலை, அம்மாவுக்கு நீலம். சாயங்காலம் ஒன்று குறைந்தாலும் உடையைப் பிரித்துத் தேடுவார்கள், தைத்தவளுக்கு வேலை போகும். வியாழக்கிழமை ஓர் உடையின் இடது முழங்காலைத் தைத்துக்கொண்டிருந்தாள், மதியம் எண்ணியபோது பத்தொன்பதுதான் இருந்தது. சாப்பிட வீட்டுக்கு வந்தவள் தன் தையல் பெட்டியிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்து, நீ விட்டுப்போன பொம்மை விமான பெயிண்டில் தலையை முக்கிக் காயவைத்துக் கொண்டுபோயிருக்கிறாள். நான் பள்ளி விட்டு வந்தபோது பெயிண்ட் மூடி திறந்து கிடந்தது. சாயங்காலம் அவள் வந்ததும் கேட்டேன். மறைக்கக்கூட இல்லை. எண்ணி வாங்கிய மேற்பார்வையாளர், "வெர்னா, உன்னை மாதிரி இன்னும் நாலு பேர் இருந்தா நான் வீட்லயே படுத்துக்குவேன்" என்றாராம், அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். தொலைந்தது உடைக்குள் இருந்தால் என்றேன். "இருபது அடுக்கு இருக்கு, ஒரு குண்டூசி என்னடி பண்ணிடும்? தரையில விழுந்திருக்கும். வாயை மூடிட்டுச் சாப்பிடு" என்றாள்.

இரண்டு வருடம் முன்பு ஏவுதளத்திலேயே விண்வெளி வீரர்கள் மூன்று பேர் தீயில் போனபோது சோற்றைத் தொடாமல் அழுதவள் இவள்தான். போன கிறிஸ்துமஸுக்கு மூன்று பேர் நிலவைச் சுற்றி வந்தபோது, என் தையல்டி அது என்று தெருவெல்லாம் சொன்னவளும் இவள்தான். இன்று சர்ச்சில் எழுந்து நின்று, "அந்தப் பிள்ளைங்களைப் பத்திரமா கொண்டுவந்து சேரும் ஆண்டவரே" என்று சத்தமாக ஜெபித்தாள். அவள் என் கையைப் பிடித்தபோது உதறிவிட்டேன். நானும் நான்கு நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருக்கிறேன், என்னை நினைத்தாலும் அருவருப்பாக இருக்கிறது.

அண்ணா, அந்த உடை நாளை உங்களுக்குக் கிளம்புகிறது. காற்றடைத்துச் சோதிக்கும் அறையில்தானே உனக்கு வேலை, அதில் காற்றடைக்குமுன் எக்ஸ்ரே எடுக்கச் சொல். அம்மா பெயர் வரவேண்டாம், அவள் சம்பளம் போனால் நம் கதி எனக்கும் தெரியும். ஆனால் காற்றே இல்லாத இடத்தில் ஒரு மனிதன் காலை மடக்கும்போது அந்த ஊசி முனை எங்கே இருக்கும் என்று நினைத்துப் பார். இடது முழங்கால். மறந்துவிடாதே, இட

அம்மா கதவைத் தட்டுகிறாள். தூங்கவே இல்லை போலிருக்கிறது. "நெட்டி, அந்தக் கடுதாசியை எடு, அண்ணன்கிட்ட ஒண்ணு சொல்ல விட்டுட்டேன்" என்கிறாள். அழுத குரல். இதை எப்படி நான்