கனகாம்பரம் வைத்தவளுக்குப் பாத்திரம் இல்லை

நேற்று சித்தூரில் நம் பள்ளி நூலக அலமாரியைக் காலி செய்தார்கள். புதிதாக வந்திருக்கும் நூலகர்ப் பெண், "யாரும் தொடறதில்ல டீச்சர், வேணும்னா எடுத்துக்கினு போங்க" என்று ஒரு தடித்த அமெரிக்க நாவலை என் கையில் வைத்தாள். அந்துருண்டை வாசனை. பிரித்த பக்கத்தில் காடு வந்தது. இருள், பாவம், சாத்தானின் வீடு என்று பக்கம் முழுக்கக் காடு. ஓரத்தில் உன் பென்சில் எழுத்து: "என்ன மரம்?"

நீ இறந்த பிறகு உன்னிடமிருந்து வந்த முதல் கேள்வி அது.

இருவரும் அந்தப் பெண்கள் பள்ளியில் ஆங்கிலம் நடத்தினோம். அமெரிக்க மிஷனெரிகள் கப்பல் ஏறும்போது நமக்கு இரண்டு சொத்துகளை விட்டுப்போனார்கள். ஒன்று, இந்த அலமாரி. மற்றொன்று, சபைப் பெண்கள் தலையில் பூ வைக்கக் கூடாது என்ற சட்டம். இரண்டும் ஒரே ஊர்ச் சரக்கு என்று கண்டுபிடித்தவள் நீ. அமெரிக்காவில் அப்படிச் சட்டம் போட்ட கண்டிப்பான பாட்டன்களைக் கேலி செய்து பேரன்கள் எழுதியவைதான் அலமாரியில் இருந்த கதைகள். மிஷனெரிகள் தங்கள் அலமாரியைத் தாங்களே படித்ததில்லை என்பது உன் முடிவு.

அந்தக் கதைகளில் சும்மா இருக்கிற இயற்கை கிடையாது. ஓடை என்றால் மனசாட்சி, நிழல் என்றால் சாத்தான். வேலியோரச் செடி பூத்தால் யாரோ ஒருத்தி ஒழுக்கம் தவறியிருப்பாள். வானத்திலிருந்து ஏதாவது எரிந்து விழுந்தால் அதுவும் அவளைப் பற்றித்தான் விழும். "அமெரிக்காவுல மொதல்ல கப்பல்ல வந்து எறங்கினவங்க அந்தக் காட்டைப் பாக்கவே இல்லடி" என்பாய். "தங்க பயத்தை அதுமேல எழுதி, அதையே படிச்சிக்கினு இருந்தாங்க. காடு அதும்பாட்டுக்கு வளந்துக்கினு இருந்தது."

நம் ஊரிலும் அப்போது எல்லோரும் எதையாவது படித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆந்திர மாநிலம் பிறந்து, சித்தூர் அதற்குள் போய், எல்லை எங்கே என்பது மட்டும் முடியாமல் இழுத்த வருஷங்கள். கடைப் பலகையில் என்ன மொழி, பஸ்ஸில் எந்த மொழியில் சீட்டுக் கேட்கிறாய், எல்லாமே சாட்சியம். நம் சபைக் கமிட்டியில் தமிழ் மூப்பர்களும் தெலுங்கு மூப்பர்களும், எந்த மொழியில் ஜெபத்தைத் தொடங்குவது என்று தீராததால் ஜெபமில்லாமலே கூட்டத்தைத் தொடங்கினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பரீட்சைத் தாள் திருத்தத் திருப்பதிக்குப் போனோம். திரும்பும்போது பஸ் நிலையத்தில் நீ ஒரு முழம் கனகாம்பரம் வாங்கிக் கொண்டையில் வைத்துக்கொண்டாய். மறுவாரம் கமிட்டி கூப்பிட்டது. துணைக்கு நானும் வந்தேன்.

தமிழ் மூப்பர் ஆரம்பித்தார்: "திருப்பதி பஸ்ஸுல இருந்து பூ வெச்சிக்கினு எறங்கினீங்களாமே டீச்சர்? பாத்தவங்க கீறாங்க. மலைக்குப் போய் சாமி கும்பிட்டுட்டு வந்ததுக்கு அது அடையாளந்தானே?"

தெலுங்கு மூப்பர், "இதி மன ஆசாரம் காதம்மா" என்று வருத்தப்பட்டார். நம் வழக்கம் இதுவல்லவாம். எதிலும் ஒத்துப்போகாதவர்கள் உன் கொண்டையில் வந்து ஒன்றானார்கள். அந்த வட்டாரத்தில் முதலில் தீர்ந்த எல்லைத் தகராறு அதுதான்.

ஞாயிறன்று சபை முன் எழுந்து "தவறினேன்" என்று சொல்ல வேண்டும். சொல்லும்வரை இராப்போஜனம் கிடையாது. அதுதான் தீர்ப்பு. உனக்கு இது விளையாட்டல்ல. அந்த அப்பத்தையும் திராட்சரசத்தையும் நீ நம்பினாய். கமிட்டியில் பாதிப் பேரைவிட அதிகமாகவே நம்பினாய்.

ஞாயிறு வந்தது. நீ எழுந்தாய். கொண்டையில் புதுக் கனகாம்பரம்.

"ஐயா, மலைமேல பொம்பளைங்களைப் பூ வைக்க விடமாட்டாங்க. அங்க பூவெல்லாம் சாமிக்குத்தான். மலைக்குப் போயிருந்தா வெறுந்தலையோடதான் வந்திருப்பேன். அங்கேயும் விடல, இங்கேயும் விடல. நான் எங்கதான் வெச்சிக்கறது? இது அடையாளம் இல்லீங்க ஐயா. பூ."

உட்கார்ந்துவிட்டாய். பின்னால் யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றினார்கள். ஒரு பஸ் தூரத்தில் இருக்கும் மலையின் வழக்கம் தெரியாமல் குற்றம் சாட்டியவர், பாட்டுப் புத்தகத்தில் எதையோ மும்முரமாகத் தேடினார். தீர்ப்பு மட்டும் மாறவில்லை. மூப்பர்கள் வரிசை வரிசையாக வந்து திராட்சரசப் பாத்திரத்தை நீட்டுவது நம் சபை வழக்கம். உன்னைத் தாண்டி என்னிடம் நீட்டினார்கள். நான் வாங்கவில்லை.

"குடிடி" என்று காதருகே அதட்டினாய். "நீயும் வேணாம்னா அவங்களுக்குத்தான் மிச்சம்."

குடித்தேன்.

பிறகு எல்லையும் முடிவானது. திருத்தணிப் பக்கத்து மூப்பர்கள் சென்னை மாநிலத்துக்குப் போனார்கள். மிச்சமிருந்தவர்கள், முழுக் கமிட்டி போட்ட விலக்கை அரைக் கமிட்டி நீக்க முடியாது என்று சட்டம் பேசினார்கள். வேறு சபைக்குப் போய்விடு என்று நானே சொன்னேன். "நான் எழுந்து போனா அவங்க சொன்னது நெஜம்னு ஆயிடும். தாண்டிப் போறவங்க தாண்டிப் போகட்டும். நான் இங்கதான் ஒக்காந்துக்கினு இருப்பேன்."

தலை நரைக்கும்வரை உட்கார்ந்திருந்தாய், பூவோடு. கடைசியில் வந்த இளம் ஆயர், "ஒரே வார்த்தைம்மா, என் காதுல சொன்னாக்கூடப் போதும்" என்று கெஞ்சினார். "அந்த வார்த்தைய நீங்க வந்து என் காதுல சொல்லுங்கய்யா" என்றாய். அவர் சொல்லவில்லை. நீயும் சொல்லாமலே போனாய்.

போன ஞாயிறு பாத்திரம் நம் வரிசைக்கு வந்தது. அதட்ட ஆளில்லை. கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டேன். ஆராதனை முடிந்ததும் ஆயர் வாசலில் நிறுத்தினார்.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. அவ பேருல போட்ட விலக்கை எடுத்துட்டீங்களா?"

"அவங்கதான் போயிட்டாங்களேம்மா. இனிமே எடுத்து இன்னா ஆவப்போகுது?"

"எடுத்துட்டு வாங்க. அதுவரைக்கும் நான் ஒக்காந்துக்கினு இருக்கேன்."

நீ விட்டுப்போனதில் என் பங்குக்கு வந்தது அந்த இடம்தான். இரண்டு பேர் அகலத்துக்கு உட்கார்ந்திருக்கிறேன்.