சந்தனப் பொட்டு வைத்த ஸ்மார்ட் போர்டு

ராயக்கோட்டை,
ஞாயிறு காலை.

அன்பு மகள் மேகலாவுக்கு அம்மா எழுதுவது. முருகன் தயவில் நானும் அப்பாவும் சுகம், அந்தப் போலந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் ஐந்தாம் வகுப்பு அறையில் இருந்தவர்கள் உன் அப்பா, தலைமையாசிரியை ஜோதிமணி, பெற்றோர் ஒன்பது பேர், பிள்ளைகள் இருபத்திரண்டு பேர், பிஸ்கட் தட்டோடு நான். ஒருவரையும் விடவில்லை, இத்தனை பேர் முன்னால்தான் அது நடந்தது.

அப்பாவின் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்தது உனக்குத் தெரியும். ஐம்பத்தெட்டு வயதில் அப்பா இரண்டு மாதம் முட்டிமோதி அதைக் கற்றுக்கொண்டார், எதைத் தொட்டால் என்ன வரும் என்று அவர் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதுவேன், தப்பு வந்தால் தேதி போட்டு, எந்த இடம் என்றும் எழுதுவேன், பால் கணக்கு எழுதுகிற மாதிரிதான். வட்டம் போட்டு விரலாலேயே நாலாகப் பிரித்துப் பின்னம் நடத்துகிற அளவுக்கு வந்துவிட்டார். ஆயுதபூஜை கழிந்து பள்ளி திறந்ததும் எல்லாம் கெட்டது. இங்கே கோடு இழுத்தால் அங்கே ஓடும், வட்டம் தானாக நகரும். அந்த வகுப்பில் படிக்கும் தமிழ்செல்வியின் அப்பா திம்மராயன், "சாருக்கு வெரல் நடுங்குது, ஓசூர் கம்பெனிக்குப் போற பசங்க யாரையாச்சும் கூட்டியாங்கப்பா" என்று டீக்கடையில் சொன்னது இவர் காதுக்கு வந்தது. சண்டை போடவில்லை, விருப்ப ஓய்வு கேட்டு எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், கூட்டம் முடிந்ததும் கொடுத்துவிடுவதாக. முப்பத்திரண்டு வருஷ வேலை மேகலா.

கூட்டத்திலும் கோடு ஓடியது. "நான் சொல்லல?" என்றார் திம்மராயன். எனக்கு மனசு கேட்கவில்லை, நோட்டைப் புரட்டினேன். பூஜைக்கு முன் நாலே தப்பு, வேறு வேறு இடம். பூஜைக்குப் பின் பதினேழு, அத்தனையும் போர்டின் நடுவில். நிமிர்ந்து போர்டைப் பார்த்தேன். ஆயுதபூஜைக்குப் பொரி கொண்டுபோனபோது, நிலைவாசலுக்கு வைப்பதுபோல் போர்டின் சட்டத்துக்கு நாலு பக்கமும் நடுவில் சந்தனப் பொட்டு வைத்தவள் நான். அது உள்விளிம்பில் வழிந்து காய்ந்திருந்தது. விரல் எங்கே படுகிறது என்று பார்க்கிற கண்கள் அந்த விளிம்பில்தான் இருக்கின்றன, அப்பா சொல்லி நானே எழுதியிருக்கிறேன்! பூஜைப் பொட்டை அழிக்கலாமா என்று ஒரு நிமிஷம் கை தயங்கியது, பிறகு சரஸ்வதியிடம் மன்னிப்புக் கேட்டு, தப்பு என்னுடையது என்று எல்லார் முன்னாலும் சொல்லி முந்தானையால் நாலையும் துடைத்தேன். தமிழ்செல்வி, "சார் வீட்டம்மா போர்டு கண்ணுலயே சந்தனத்த அப்பிட்டாங்க" என்றாள், அறையே சிரித்தது, நானும்தான்.

அப்பா தொட்டார், கோடு நேராக நின்றது. பிறகு திம்மராயனையே கூப்பிட்டு ஒரு வட்டத்தை எட்டாகப் பிரிக்கச் சொன்னார், அவர் விரல் ஆடியது பார், "உங்களுக்கு வயசு கம்மிதானங்க, தைரியமா இழுங்க" என்றார் அப்பா. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களுக்கும் இனிச் சனிக்கிழமைகளில் இவர்தான் சொல்லித்தர வேண்டும் என்று ஜோதிமணி அங்கேயே சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் சட்டைப்பையிலிருந்த காகிதத்தை அப்பாவே எடுத்துக் கொடுத்தார், வெந்நீர் அடுப்பில் போட்டேன்.

வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே, வெள்ளிக்கிழமை விளக்கேற்ற மறக்காதே. இருவரும் நூறாண்டு நிறைவாக வாழுங்கள். அப்பாவுக்கு என்று தனியாக நாலு வரி எழுது, போனில் சொன்னால் வெட்கப்பட்டுப் பேச்சை மாற்றிவிடுவார், எழுதினால் எடுத்து எடுத்துப் படிப்பார். சீக்கிரம் பதில் போடு.

ஆசிகளுடன்,
உன் அம்மா
செல்வம்மாள் சென்னகிருஷ்ணன்