ஃபேக்டரிப் பெண்ணுக்கு ஓர் அர்ச்சனை

அன்புள்ள அகல்யா அக்காவுக்கு,

கவிப்பிரியா எழுதுகிறேன். அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். புனேயில் நீயும் மாமாவும் உன் வயிற்றில் இருக்கும் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும் என்று நேற்று முழுக்கக் காஞ்சிபுரத்தில் ஒரு சாமி விடாமல் வேண்டிக்கொண்டேன். இதை அம்மாவின் கடிதம் என்றே வைத்துக்கொள். ராத்திரியில் அவள் எழுந்து வந்தால் அப்பா விழித்துக்கொள்வார் என்று, பாத்திரம் கழுவும்போது குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் எழுத வேண்டியதை என் காதில் சொன்னாள். கை மட்டும்தான் என்னுடையது, கோணல் எழுத்துக்குத் திட்டாதே. சமையலறைத் தரையில் உட்கார்ந்து வேதியியல் புத்தகத்தின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். உனக்குச் செய்தி அனுப்பினேன் என்று போன வருடம் என் போனைப் பிடுங்கிய அப்பா இன்னும் தரவில்லை. கடிதம் என்றால் என்ன செய்வாரோ. ஆனாலும் நேற்று நடந்ததைச் சொல்லாமல் இருந்தால் எனக்கு வயிறு வெடித்துவிடும்.

கோவில்பதாகை வேம்புலியம்மாளை உனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் முப்பது பேரை வேனில் ஏற்றிக்கொண்டு போய்க் காஞ்சிபுரத்தை நடக்க வைத்தே சுற்றிக் காட்டுகிற அம்மா. குடைக் கம்பியில் பச்சைத் துண்டைக் கட்டித் தூக்கிக்கொண்டு முன்னால் போவாள், நாம் பின்னால் ஓட வேண்டும். ஐயப்பன்தாங்கல் டிப்போ வாசலில் இருட்டோடு ஏறினோம். ஒரு கோயிலுக்கும் அடுத்த கோயிலுக்கும் நடுவில் ஆட்டோவில் ஏறினால் புண்ணியம் ஆட்டோக்காரனுக்குத்தான் என்பது அவள் சட்டம். அம்மா உனக்காகத்தான் வந்தாள். ஏழாம் மாதம் வளைகாப்புக்கு நீ இங்கே வர வேண்டும், பிரசவம் இங்கே நடக்க வேண்டும், அதற்கு அப்பா மனம் இறங்க வேண்டும். அப்பாவோ நடந்தால் முழங்காலுக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதற்காக மட்டும் வருவதாகச் சொன்னார். நீ பதிவுத் திருமணம் செய்துகொண்டு போனதிலிருந்து உன் பெயரை வீட்டில் யாரும் சொல்லக்கூடாது என்பது உனக்கே தெரியும்.

கைலாசநாதர் கோயிலும் ஏகாம்பரநாதர் கோயிலும் முடிவதற்குள் வேம்புலியம்மாளுக்குத் தொண்டை கட்டிப்போய்விட்டது. அவளிடம் சட்டையில் மாட்டுகிற, ஒயர் இல்லாத சின்ன மைக் ஒன்று உண்டு, சத்தம் வருகிற பெட்டி அவள் தோளில் தொங்கும். அந்த மைக்கைக் கழற்றி அப்பா காலரில் மாட்டிவிட்டு, சாரே, உன்து மெசினு சத்தத்துக்கு மேல கத்தின தொண்ட, இனிமே நீதான் லீடரு, என்றாள். அப்பாவைப் பார்த்திருக்க வேண்டும் அக்கா! அம்பத்தூர் எஸ்டேட் ஃபேக்டரியில் ஷிஃப்டு மாற்றுகிற மாதிரி, லெஃப்ட்ல போங்க, செருப்பு டோக்கனை பத்திரமா வைங்க, யாரும் நடுவுல டீ குடிக்கப் போகக்கூடாது, என்று ஒரே அதிகாரம். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

குமரக்கோட்டம் முருகன் கோயிலுக்குப் போனபோது நடை சாத்துகிற நேரம். பின்தங்கினவர்களும் வந்து சேரட்டும் என்று வேம்புலியம்மாள் எங்களை மண்டபத்தில் நிறுத்தினாள். அப்பா மட்டும் இதோ வருகிறேன் என்று சன்னிதிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் அவள் தோளில் இருந்த பெட்டி பேச ஆரம்பித்தது. மைக்கை அணைக்க மறந்துவிட்டார் அக்கா! எங்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று தலையைக் குனிந்து வாயைக் கையால் வேறு பொத்திக்கொண்டிருக்கிறார், காலரில் இருந்த மைக்கும் அந்தக் கைக்குள்தான். அர்ச்சனைக்கு ஐயரிடம் பெயர் சொல்கிறார்: அகல்யா, சதய நட்சத்திரம். வீட்டுக்காரர் ஜெகதீஷ். நட்சத்திரம் தெரியாதுங்க. வயித்துல ஒரு குழந்தை. அதுக்குப் பேரும் இல்ல, நட்சத்திரமும் இல்ல, நல்லபடியாப் பொறக்கணும் சாமி. மண்டபம் முழுக்கக் கேட்டது. அம்மா தூணைப் பிடித்துக்கொண்டாள். நீ உண்டாகியிருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? நாங்கள் சொல்லவில்லை, பக்கத்து வீட்டு முகவரிக்கு நீ போட்ட கடிதத்தைப் பார்த்துவிட்டாரோ என்னவோ. எனக்குச் சிரிப்பும் பயமும் ஒன்றாக வந்து விக்கல் எடுத்துவிட்டது.

விபூதியோடு வெளியே வந்தவர் முப்பது பேரும் தன்னையே பார்ப்பதைப் பார்த்தார். இன்னா சாரே, தாத்தா ஆவப்போற, ஒரு வார்த்த சொல்லல, மைசூர்பாக்கு எங்க, என்றாள் வேம்புலியம்மாள். அப்பா பெட்டியைப் பார்த்தார், காலரைப் பார்த்தார். அது வேற அகல்யா, எங்க ஃபேக்டரில வேலை பாக்குற பொண்ணு, என்றார். அப்டியா, அந்தப் பொண்ணுக்கு அப்பன் இல்லியா, நீ எதுக்கு கண்ல தண்ணி வுட்டுகினு கீற, என்று அவள் கேட்டதும் மண்டபமே சிரித்தது. அப்பா மைக்கைக் கழற்றி அவள் கையில் திணித்துவிட்டு விறுவிறுவென்று முன்னால் நடந்தார். அப்புறம் வரதராஜர் கோயில் வரைக்கும் கொண்டாட்டம்தான். காமாட்சி அம்மன் குங்குமம், கண்ணாடி வளையல், எலுமிச்சம்பழம் என்று ஆளுக்கு ஒன்றாகக் கொண்டுவந்து, இது ஃபேக்டரிப் பொண்ணுக்கு, இது ஃபேக்டரிப் பொண்ணுக்கு, என்று அம்மாவிடம் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். பை கனத்துவிட்டது. அப்பா அதை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, நொண்டிக்கொண்டே நடந்தார். யாரிடமும் கொடுக்கவில்லை.

அதனால் அம்மா சொல்வது என்னவென்றால், வரலாமா என்று அவரைக் கேட்காதே, கேட்டால் வேண்டாம் என்றுதான் அவர் வாயில் வரும். டிக்கெட் எடுத்துக்கொண்டு மாமாவோடு வந்து வாசலில் நில், மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள். இரும்புச்சத்து மாத்திரையைக் கசக்கிறது என்று தூக்கிப் போடாதே. ஸ்கூட்டரில் உட்காராதே. கீரையை

அக்கா, எழுதிக்கொண்டிருந்தபோதே கதவு திறந்துவிட்டது. அப்பா. தாளைப் புத்தகத்துக்குள் சொருகினேன், பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவர் பார்த்தார், நிச்சயமாகப் பார்த்தார். சொம்பில் தண்ணீர் எடுத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டே குடித்தார். அந்தப் பையன் நட்சத்திரம் என்னன்னு கேட்டு எழுது, அடுத்த வாட்டி ஐயர் கேட்டா நான் முழிச்சிக்கிட்டு நிக்க முடியாது, என்றார். கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். எனக்கு மறுபடி விக்கல்.

ஆகவே முதல் வேலையாக மாமாவின் நட்சத்திரத்தை எழுதி அனுப்பு, எத்தனாம் பாதம் என்பதோடு, இல்லாவிட்டால் அதற்கும் கேள்வி வரும். பதிலை நேராக நம் வீட்டுக்கே போடு. அப்பா பெயரை எழுதிப் போடு. தாயும் சேயுமாக நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும் என்று உன் தலையில் கை வைத்துச் சொன்னதாக எழுதச் சொன்னாள் அம்மா.

அம்மா சுலோசனாவுக்காக,
உன் தங்கை
கவிப்பிரியா