காரை அனுப்புவது தொடர்பாக

அன்புள்ள மருமகளுக்கு,

இங்கு நாங்கள் நலம். நீயும் குழந்தையும் நலமாயிருக்கிறீர்கள் என நம்புகிறேன். வேலைக்குப் போய்வர என் மகனுடைய காரை நீ கேட்டும் நான் அனுப்பாதிருப்பதற்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டவன்.

அவன் மறைந்த பிறகு, வண்டி முடங்கிவிடக் கூடாதென்று அவ்வப்போது தெருமுனைவரை நான்தான் ஓட்டிவந்தேன். கிளட்சை மிதித்தாலும் முழுமையாக விடுபடுவதில்லை. ரிவர்ஸ் கியர் போட்டால் கரகரவென்று அலறுகிறது. பழுதுள்ள வண்டியை உன்னிடம் ஒப்படைப்பது முறையன்று என்றே நிறுத்திவைத்தேன்.

மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைத்தேன், நெடிய மனிதர். ஓட்டுநர் இருக்கையை நகர்த்தக் கூடாது என்ற நிபந்தனையின் பேரிலேயே சாவியைக் கொடுத்தேன். கிளட்ச் ஆயில் குறையவில்லை; சிலிண்டரில் கசிவில்லை; பெடலின் தளர்வும் உரிய அளவில் இருந்தது. அவர் மிதித்தபோது கியர் சத்தமின்றி விழுந்தது. நான் மிதித்தபோது மறுபடியும் அலறியது. "எனக்கு விழுது, ஐயாவுக்கு மட்டும் அடம்பிடிக்குதே! வண்டிக்கு ஆள் அடையாளம் தெரியும்போல" என்று தலையைச் சொறிந்தார். கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்துவிடுமாறு நான் கேட்டுக்கொண்டேன்.

வாசலில் நின்றிருந்த உன் அத்தை அப்போதுதான் வாய் திறந்தாள். "அது அவன் காலுக்கு வச்ச சீட்டு. நுனிக்கால்ல எட்டி எட்டி மிதிச்சுட்டு வண்டி மேல பழி போடுறீங்களே, வக்கீலய்யா!" என்றாள். உடனே உள்ளே போய்விட்டாள். வெகுநேரம் வெளியே வரவில்லை.

மெக்கானிக் இருக்கையைத் தொடவில்லை, நானே இழுத்தேன். நெடுநாள் அசையாததால் முதலில் இடம் கொடுக்கவில்லை. பிறகு சட்டென முன்னே வந்துவிட்டது. பெடல் கடைசிவரை இறங்கிற்று, கியரும் விழுந்தது. ஆகவே வண்டியில் பழுதேதும் இல்லை என உறுதி கூறுகிறேன்.

அவர் போன பின் இருக்கையைப் பழைய இடத்தில் வைக்க முயன்றேன். அவன் விட்டுப்போன இடம் எது என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. பலமுறை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தேன். உன் அத்தையை மட்டும் அழைத்துக் கேட்கவில்லை.

அடுத்த வாரம் டிரைவர் வசம் கார் வந்துசேரும். நீ உட்காரும்போது உன் காலுக்கு எட்டும்படி இருக்கையை நகர்த்திக்கொள், அம்மா. யாரையும் கேட்க வேண்டியதில்லை. என்னையும் கேட்க வேண்டாம். சௌகரியமாக எட்டுகிறது என்று ஒரு வரி மட்டும் எழுது. போகுமிடமெல்லாம் பத்திரமாகப் போய், பிள்ளையிடம் பத்திரமாகத் திரும்பி வா.

உன் நலம் நாடும்,
மாமா