புதிதாகத் தட்டிய கல்

சிறை
3.6.2024

கீர்த்தனா மேடத்துக்கு, உங்க பழங்கல் ஆராய்ச்சிக்கு நாலு வருசம் குழி தோண்டின சடையன் எழுதிக்கிறது.

சௌக்கியம்னு எழுத முடியல. சோத்துத் தட்டால ஒருத்தன் அடிச்சதுல முன்பல்லு ஒண்ணு பூடுச்சி. நான் அவன் காதைக் கடிச்சிட்டேன்.

கேசவனைத் தெரியும் உங்களுக்கு. கிராவல் லாரியை ஏத்தி என் பெரிய பொண்ணு லதாவை நசுக்கினவன். ஜாமீன்ல வந்து, அதே லாரியில எங்க வூட்டாண்ட வர்றப்பல்லாம் ஹாரன் அடிச்சிகினு போனான். அன்னிக்கும் அடிச்சான். கீழ கெடந்த கல்லை எடுத்து மண்டையைப் பொளந்துட்டேன். ஆத்திரத்துல ஆனதுன்னா தண்டனை கொறையுமாம், வக்கீல் திருவேங்கடம் சொல்றாரு.

அந்தக் கல்லைப் பத்தி கோர்ட்டுல உங்களைத்தான் கேப்பாங்க. ஆதிமனுசன் செஞ்சது, எங்க வூட்டாண்ட மேட்டுல சும்மா கெடந்ததுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. இதை வக்கீல் கையிலதான் குடுத்தனுப்பறேன். ஜெயில்ல யாரும் படிக்கமாட்டாங்க. பதிலும் அவராண்டயே குடுங்க.

சடையன்


கேளம்பாக்கம்
14.6.2024

அன்புள்ள சடையன் அண்ணாவுக்கு,

பல் போனதைப் படித்து அழுதேன். காதைக் கடித்ததைப் படித்துச் சிரிப்பும் வந்து தொலைத்தது.

போலீசார் கூப்பிட்டுக் கல்லைக் காட்டினார்கள். முடி ஒட்டியிருந்தது. ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வந்தேன்.

அது பழைய கல் இல்லை அண்ணா. லட்சக்கணக்கான வருஷம் மண்ணில் கிடந்த கல்லில், உடைத்த இடத்திலும் செம்மண் நிறம் ஏறியிருக்கும். உங்களுக்கே தெரியும். இதில் தட்டிய இடமெல்லாம் உப்பு மாதிரி வெளேரென்று இருக்கிறது. யாரோ உட்கார்ந்து, முப்பது தட்டுக்குக் குறையாமல், பொறுமையாகச் செய்திருக்கிறார்கள். ஆத்திரத்தில் எடுத்த கல் என்று எப்படிச் சொல்வேன்?

இன்னொன்று. ஆதிமனிதர்கள் எப்படிக் கல் தட்டினார்கள் என்று பார்க்க, உங்களையும் பானுமதி அக்காவையும் தட்டச் சொன்னேனே, அந்தக் கற்கள் என் பெட்டியில் இருக்கின்றன. பக்கத்தில் இந்தப் போட்டோவை வைத்துப் பார்த்தேன். தட்டியவர் இடது கைக்காரர். நீங்கள் இல்லை. அக்காதான் எதையும் பீச்சாங்கையால் செய்வார்.

அண்ணா, கேசவனை அடித்தது யார்?

கீர்த்தனா


சிறை
22.6.2024

மேடம்,

உங்க படிப்புல இடி வுழ.

ஆமா, என் பொண்டாட்டிதான். மூணு நாள் தட்டினா. இன்னாத்துக்குன்னு கேட்டதுக்கு, மேடம் கேட்டாங்கன்னு சொன்னா. அன்னிக்கு வேகத்தடையாண்ட அவன் லாரி மெதுவாச்சி. ஏறி, கதவைத் தொறந்து, சட்டையப் புடிச்சி இழுத்துப் போட்டா. கல்லால ஆறு அடி. நான் ஓடியாறதுக்குள்ள அவனுக்கு மூஞ்சியே இல்ல. கல்லைப் புடுங்கி ஏழாவது அடி நான் அடிச்சேன். லதா எனக்கும் பொண்ணுதானே. போலீசு வந்தப்ப கல்லு என் கையில இருந்துச்சி.

சின்னது எட்டாவது படிக்குது. அதுக்கு அம்மா வேணும்.

முன்ன எழுதினதை வுட்டுடுங்க. புதுக்கல்லுன்னே சொல்லுங்க. ஆயுளோ தூக்கோ, நான் பாத்துக்கறேன். கையப் பத்தி மட்டும் வாயத் தொறக்காதீங்க. தொறந்தீங்க, வெளிய வந்து உங்க மண்டையையும் பொளப்பேன். எனக்கு மெரட்டத்தான் தெரியுது, கெஞ்சத் தெரியல.

சடையன்


கேளம்பாக்கம்
9.1.2025

அன்புள்ள அண்ணா,

கோர்ட்டில் உங்கள் கூண்டுக்கு முன்னால் நின்றும் உங்களை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். புதுக்கல் என்றேன். அப்போது நீங்கள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. இவருக்கு இப்படிச் செய்யத் தெரியுமா என்று அரசு வக்கீல் கேட்டார். தெரியும், நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்றேன். அதில் பொய் இல்லை. எந்தக் கை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அக்கா தட்டிய நாற்பத்தொரு கல்லையும் புதுப்பட்டினத்துக்குக் கொண்டுபோய்க் கடலில் எறிந்தேன். அவை இல்லாமல் என் ஆராய்ச்சியும் இல்லை. வேறு பிழைப்பு பார்க்க வேண்டும். உங்கள் மேல் கோபமாகத்தான் இருக்கிறேன்.

கீர்த்தனா


சிறை
2.3.2025

மேடத்துக்கு,

ஆயுள் குடுத்துட்டாங்க. கேசவன் தம்பி கோர்ட்டு வாசல்லயே செருப்பால அடிச்சான். வாங்கிக்கினேன்.

கடல்ல போட்ட கல்லை எவனாவது பின்னால எடுத்து, ஆதிமனுசன் மீன் புடிக்க வந்தான்னு கதை வுடப்போறான். பாவம் அவன்.

இனிமே எனக்கு எழுதாதீங்க. உங்க ரெண்டு கடுதாசியையும் சோத்துல பெசஞ்சி முழுங்கிட்டேன். இதையும் கொளுத்திடுங்க.

பானு நேத்து பாக்க வந்தா. வாசல் நோட்டுல சோத்துக்கையால கையெழுத்துப் போட்டாளாம். வூட்டுல சின்னதுதான் பக்கத்துல ஒக்காந்து எழுதப் பழக்குதாம். இன்னும் கோணகோணையாத்தான் வருதாம்.

சடையன்