இஞ்சி டீ

அண்ணா, நான் பள்ளிக்கூடத்துக்குக் கெளம்பறேன். குக்கர்ல சோறு இருக்குது.

பதினோரு மணிக்கு அஸ்தம்பட்டியிலிருந்து மும்தாஜம்மா மறுபடியும் வருவாங்க. சாகக் கெடக்கறவங்க பக்கத்துல கடைசி வரைக்கும் உக்காந்திருக்கறதுதான் அவங்க வேலை. "சாகறதுக்குக்கூட ஆள் வெப்பாங்களா"ன்னு எங்கிட்டக் கத்துன மாதிரி அவங்ககிட்டக் கத்தீராதீங்க. எனக்கு இன்னும் கோவம் போகலை.

ஆஸ்பத்திரியில கையை விரிச்சு ஒரு மாசமாச்சு. அப்பா ரூமுக்குள்ள நீங்க ஒருநாளும் போகலை.

நேத்து மும்தாஜம்மாதான் நம்ம அப்பாகிட்ட என்ன வேணும்னு கேட்டாங்க. "கடைசியில வாயில பால் ஊத்த வேண்டாம். பெரியவன் போடற இஞ்சி டீ ஊத்தச் சொல்லுங்க"ன்னாரு. நாம யாரும் இத்தனை நாளா கேக்கவேயில்லை.

அறிவு

பி.கு.: இஞ்சி ஃப்ரிட்ஜுல கீழ்த்தட்டுல இருக்குது. கடைசிக்குன்னு வெக்காதீங்க. இன்னிக்கு அவரால முழுங்க முடியுது.