ஆத்தாவும் வேனில் வரட்டும்

மச்சான்,

இன்று காலை சிரம்பான் பக்கத்தில் ராசாவில், எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் வேப்பமரத்தில் கிளை கழித்தார்கள். மின்கம்பியில் உரசுகிறதாம். காரை எடுக்கப் போனால் கண்ணாடி முழுக்க இலை. வைப்பரைப் போட்டேன், நசுங்கிய கசப்பு வாசம் உள்ளே வந்துவிட்டது. மற்றவர்களுக்கு வேப்பிலை என்றால் மாரியம்மன் கோயில் ஞாபகம் வரும். எனக்கு நீ ஓட்டிய பள்ளிக்கூட வேன்தான் ஞாபகம் வருகிறது. வேலைக்கு நேரமாகிவிட்டது, இருந்தாலும் கொஞ்ச நேரம் இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

உன் தங்கையைக் கட்டுவதற்கு முன்பே நீ என் கூட்டாளி. கல்யாணத்துக்குப் பிறகு மச்சான் என்று கூப்பிடப் பழகினேன், ‘நீங்க’ மட்டும் கடைசி வரைக்கும் வாயில் வரவில்லை. நீயும் சும்மா விட்டதில்லை. “பொண்ணையும் குடுத்துட்டு ஏச்சும் வாங்குற ஒரே ஆளு நான்தான் லா” என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாய்.

அப்போது நாங்கள் இன்னும் செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில்தான் இருந்தோம். எங்கள் பாப்பாவுக்கு ஐந்து வயது. காய்ச்சல் வந்தது, கிளினிக் மருந்துக்கு அடங்கவில்லை. அப்புறம் கையிலும் முதுகிலும் சிவப்பாகத் தடித்தது. லயத்துப் பெண்கள் எட்டிப் பார்த்து, ஆத்தா வந்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டார்கள். நிலைப்படியில் வேப்பிலை செருகினோம். தாளிப்பு நின்றது, மருந்து நின்றது. ஆத்தா இருக்கும் பிள்ளையை வாசல் தாண்டி எடுத்துப் போகக் கூடாது என்பது உனக்குத் தெரியாததா?

பிறகு காய்ச்சல் விட்டது. கையும் காலும் சில்லென்று ஆனது. “ஆத்தா குளுந்துட்டா” என்று உன் தங்கை கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கும் உயிர் வந்தது போல இருந்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்ற மஞ்சள் அரைக்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தபோதுதான் நீ இளநீரோடு வந்து நின்றாய்.

யாரும் உள்ளே வரக் கூடாது என்றாள் உன் தங்கை. நீ கேட்டால்தானே. நேராகப் பாயருகே போய், “என்னடி மருமவளே, மாமனுக்குச் சிரிப்பில்லையா?” என்றாய். பாப்பா கண்ணைத் திறந்து உன்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். வேன் சத்தம் கேட்டாலே கேரோப்போக் வறுவல் பாக்கெட் எங்கே என்று ஓடிவந்து உன் சட்டைப் பையைத் துழாவுகிற பிள்ளை.

நீ எழுந்தாய். “மாப்ள, சாவியப் புடி. வேனைத் திருப்பி நிறுத்து.”

“அண்ணே, ஆத்தா இருக்கிற பிள்ளய வெளிய எடுத்தா குத்தமாயிரும்ணே” என்று உன் தங்கை அழுதாள்.

“ஆத்தா வந்தா பிள்ள மாமனையே மறந்துருமா? எனக்கு மருந்து தெரியாது, மந்திரம் தெரியாது. என் மருமவளத் தெரியும்.”

சொல்லிக்கொண்டே நிலைப்படி வேப்பங்கொத்தைப் பிடுங்கி, வேன் கண்ணாடியில் மாட்டினாய். “ஆத்தாவும் வரட்டும். எடம் இருக்கு.” அதற்குமேல் அவளால் என்ன சொல்ல முடியும்? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டாள். செம்மண் பாதையில் வண்டி குதிக்கக் குதிக்க, சிரம்பான் வரைக்கும் அந்த வாசம்தான்.

அவசரப் பிரிவில் டாக்டர் பெண்ணுக்குப் பாப்பாவின் பாதத்தைத் தொட்டதும் முகம் மாறிவிட்டது. டெங்கி. காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்தாம். நாங்கள் கும்பிட்ட அந்தக் குளிர்ச்சி, ரத்த ஓட்டம் குறைந்ததால் வந்தது. உடனே டிரிப் ஏற்ற வேண்டும், தாமதித்தால் பிள்ளை தாங்காது என்றாள். நரம்பு கிடைக்கவில்லை. ஊசி பட்டதும், அதுவரை துவண்டு கிடந்த பிள்ளை எங்கிருந்தோ பலம் வந்து கையை இழுத்துக்கொண்டாள். யாராவது ஒருவர் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நான் போனேன். எனக்குக் கண் இருட்டிவிட்டது.

“பெத்தவன் தள்ளி நில்லு. காது குத்தினப்ப யாரு மடியில உக்காந்தா? இது என் வேல” என்று கட்டிலில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாய். பாப்பாவை மடியில் வாங்கிக்கொண்டாய். நர்ஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், உன்னைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். “மருமவளே, காதுக்குத் தோடு போட்டாச்சு. இப்ப கைக்குத் தோடு போடப் போறாங்க. உங்க ஸ்கூல்ல யாருக்கும் இல்லாத தோடு. ஆடுனா கோணலாப் போயிரும்.” அவள் கையை நீட்டினாள். நீட்டினாள் மச்சான்! ஊசி நரம்பில் ஏறியது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அதற்கப்புறம் தீவிர சிகிச்சைப் பிரிவு. பிள்ளை சிறுநீர் கழித்தால்தான் தேறுகிறாள் என்று அர்த்தம் என்றார்கள். நான் அதுவரை சாமியிடம் எதையெதையோ கேட்டிருக்கிறேன், அதைக் கேட்டது அப்போதுதான். கழித்துவிட்டாள் என்று செய்தி வந்ததும் நீ கீழே ஓடி, லட்டு வாங்கிவந்து காவலாளி முதல் கூட்டுகிற அக்கா வரை கொடுத்தாய். என்ன விசேஷம் என்று கேட்டவர்களுக்கெல்லாம், “மருமவ ஒண்ணுக்குப் போயிட்டா” என்று கல்யாணச் செய்தி மாதிரி சொன்னாய். மலாய்க்காரப் பாட்டி ஒருவர் உன் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

உன்மேல் எனக்குக் கோபம் உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன். போன வருஷம் நெஞ்சு வலிக்கு வாயு என்று பேர் வைத்து, சோடா குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாயாமே. ஊரார் பிள்ளையையெல்லாம் வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு போகிறவனுக்குத் தன் உடம்புக்கு ஒரு சாவியைத் திருப்ப நேரமில்லையா? ஒரு போன் அடித்திருந்தால் நான் வந்திருப்பேன். கடைசியில் உன் பாடையைத் தூக்கத்தான் வந்தேன். இதற்கு நீ பதில் சொல்லியே ஆக வேண்டும், எங்கே சந்தித்தாலும் சரி.

பாப்பாவுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. போன வாரம் கோயில் மண்டபத்தில் ரத்த தான முகாம். பேர் கொடுத்தது அவள்தான், நான் துணைக்குப் போனேன். அவள் சாய்ந்து படுத்துக் கையை நீட்டினாள். நர்ஸ் பயமா என்று கேட்டதற்கு, “எனக்கில்லக்கா. எங்கப்பாவுக்கு ஒரு நாற்காலி குடுங்க, விழுந்துருவாரு” என்றாள். எனக்கு நாற்காலி வந்தது. உட்கார்ந்துதான் பார்த்தேன். அந்தப் பெரிய ஊசி ஏறும்போது அவள் முகத்தில் ஒரு சுளிப்பில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். “சின்னதுல ஆஸ்பத்திரில கெடந்தியே, ஞாபகம் இருக்கா?”

“இருக்கேப்பா. மாமா மடியில உக்காந்திருந்தேன்.”

“வேற?”

கொஞ்சம் யோசித்தாள். “வேற என்ன நடந்துச்சு?”

“ஒண்ணும் நடக்கல” என்று சொல்லிவிட்டேன், மச்சான். மற்றதெல்லாம் என்னிடம் இருக்கிறது. அவளுக்கு உன் மடி போதும்.